தலைப்புத்தாள் இழந்த நூல்கள்: தமிழ் மின்னூல்களின் பரவல், உரிமை, பாதுகாப்பு – ஒரு மதிப்பீடு

தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் ஒளிவருடியும் இணையத்தில் சேர்த்துவைக்கும் பணி 1990களின் பிற்பகுதியில் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. மதுரைத் திட்டம், நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ் விக்கிமூலம் ஆகியவை இப்பணியில் முதன்மையானவை. கால் நூற்றாண்டுக் காலத்தில் இவை பல்லாயிரம் நூல்களையும் இதழ்களையும் எவரும் கட்டணமின்றிப் படிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துள்ளன. பெருநகர நூலகங்களில் மட்டுமே கிடைத்த நூல்களைச் சிற்றூர் மாணவர் இன்று கைப்பேசியில் படிக்கிறார்.

இப்பணியின் பயன் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இணையத்தில் பரவியுள்ள தமிழ் நூல்களில் பெரும்பகுதி, தான் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது, யார் தட்டச்சு செய்தார், யார் பிழை திருத்தினார் என்ற குறிப்பு ஏதுமின்றி உலவுகிறது. நூல் காப்பாற்றப்பட்டுள்ளது, அதன் வரலாறு கழன்று விழுந்துவிட்டது. இக்குறை எவ்வாறு நேர்ந்தது, அதைச் சரிசெய்ய வழி உண்டா என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

ஓலையும் அச்சும்

ஓலைச்சுவடிக்கு ஆயுள் குறைவு. கரையானுக்கும் ஈரத்துக்கும் தீக்கும் தப்பினாலும் சில நூற்றாண்டுகளில் அது நொறுங்கிவிடும். ஓர் ஓலையைப் பார்த்து மற்றோர் ஓலையில் படியெடுக்கும் வழக்கம் விடாமல் தொடர்ந்ததால்தான் பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன. படியெடுக்கப்படாதவை மறைந்தன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை.

படியெடுக்கும்தோறும் பிழைகளும் சேர்ந்தன. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. பொருள் உணராமல் எழுதுபவர் கையில் ஒரு சொல் வேறொரு சொல்லாக மாறிவிடும். அதைப் பார்த்து எழுதும் அடுத்தவர் அந்தப் பிழையை மூலமாகவே எடுத்துக்கொள்வார்.

19ஆம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட சிக்கல் இதுவே. சி. வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை ஆகியவற்றை வெளியிட்டார். இவர்கள் ஓலையில் இருந்ததை அப்படியே அச்சில் ஏற்றிவிடவில்லை. பல சுவடிகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டனர். எந்தச் சுவடி எங்கிருந்து, யார் வழியாகக் கிடைத்தது என்பதை முகவுரையில் எழுதினர். ஐயமுள்ள இடங்களில் மாற்றுப் பாடத்தை அடிக்குறிப்பில் தந்தனர். சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினர்.

ஆகவே அச்சுநூலின் தலைப்புத்தாள், முகவுரை, அடிக்குறிப்பு ஆகியவை அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. ஒரு பாடத்தை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்று வாசகர் முடிவு செய்வதற்கான சான்றுகள் அவை. மின்வடிவத்துக்கு நூல் மாறியபோது முதலில் கைவிடப்பட்டவையும் அவையே.

எழுத்துருக் குழப்பம்

1990களில் கணினியில் தமிழ் எழுதுவதற்குப் பொதுவான முறை இல்லை. உரோமன் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களைப் பொருத்திப் பலரும் பல எழுத்துருக்களை உருவாக்கினர். ஓர் எழுத்துருவில் எழுதியதைப் படிக்க அதே எழுத்துரு வேண்டும். இலங்கைத் தமிழரிடையே பரவலாக இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் எழுதிய ‘அம்மா’ என்ற சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நான்கு உரோமன் எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். நாளிதழ்களும் இதழ்களும் தத்தமக்கென எழுத்துரு வைத்திருந்தன.

இக்குழப்பத்தைத் தீர்க்கச் சில முயற்சிகள் நடந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. இணையக் குழுக்களில் தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் கூடி உருவாக்கிய திஸ்கி முறை புலம்பெயர் தமிழரிடையே பரவியது. 2000க்குப் பின் ஒருங்குறி படிப்படியாக இவை அனைத்தின் இடத்தையும் பிடித்தது.

ஒருங்குறிக்கு மாற்றப்படாத கோப்புகள் இன்று படிக்க முடியாதவையாகிவிட்டன. அவை அழியவில்லை, குறுந்தகடுகளிலும் பழைய வன்தட்டுகளிலும் இருக்கின்றன. ஆனால் திறந்தால் உரோமன் எழுத்துக் குவியலே தெரிகிறது. எழுத்துருவின் பெயரும் தொலைந்திருந்தால் மீட்பது மேலும் கடினம். கோப்பை வைத்திருப்பதும் நூலைக் காப்பதும் ஒன்றல்ல என்பதைத் தமிழ்க் கணினி உலகம் இவ்வாறு மிக முன்னதாகவே அறிந்துகொண்டது.

ஒருங்குறியிலும் சிறு சிக்கல்கள் உள்ளன. ‘ஔ’ என்பதற்குத் தனி எழுத்து இருக்க, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என்று எழுதுவோர் மிகப் பலர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு வேறுவேறு. ஒருவகையில் எழுதிய ஔவையாரைத் தேடினால் மற்றவகையில் எழுதிய ஔவையார் கிடைப்பதில்லை. ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் புழக்கத்தில் உள்ளன. ஒளிவருடிய பக்கத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கும் முறையில் துணைக்காலும் ரகரமும் மறுபடி குழம்புகின்றன. ஓலையில் இருந்த பழைய சிக்கல் இவ்வாறு புதிய கருவியிலும் தொடர்கிறது.

மதுரைத் திட்டம்

மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் இதன் தலைவர். அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் துணைநின்றார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஆளுக்குச் சில பக்கங்களாகத் தட்டச்சு செய்தும், ஒருவர் செய்ததை மற்றொருவர் பிழைதிருத்தியும் நூல்களை முழுமையாக்கினர். திருக்குறள் இதன் முதல் எண் பெற்ற நூல். வணிக நோக்கமோ ஊதியமோ இல்லாத இம்முயற்சி, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அரசு நிறுவனங்கள் இதுபற்றித் தெளிவாக எண்ணத் தொடங்கும் முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இத்திட்டத்தின் கோப்புகள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு முகப்புக் குறிப்பு இருக்கும். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், கோப்பை ஆக்கியவர் ஆகியோர் பெயர்களும் நன்றியும் அதில் இடம்பெறும். இக்குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும், கோப்பை எவரும் யாருக்கும் கொடுக்கலாம் என்பதே திட்டம் விதித்த நிபந்தனை. பணம் கேட்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. பெயர் தெரிந்தால் போதும் என்றது.

அந்த எளிய நிபந்தனை பெரும்பாலும் காக்கப்படவில்லை. மதுரைத் திட்டத்தின் பாடங்கள் வலைத்தளங்களுக்கும் கைப்பேசிச் செயலிகளுக்கும் விற்பனைக்கான மின்னூல்களுக்கும் சென்றன. செல்லும்போது முகப்புக் குறிப்பு வெட்டப்பட்டது. தட்டச்சில் நேர்ந்த ஒரு பிழை மூலக்கோப்பில் பின்னர் திருத்தப்பட்டிருந்தாலும், வெட்டியெடுத்த படிகளில் அது அப்படியே நிற்கிறது. எது தாய், எது சேய் என்று தெரியாததால் திருத்தம் போய்ச் சேர வழியில்லை. இதைப் பார்த்து எழுதும் மாணவர், பத்துத் தளங்களில் ஒரே பாடம் இருப்பதால் அது சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்கிறார். பத்தும் ஒரே கோப்பின் படிகள் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

குறை வெட்டியவர்களிடம் மட்டும் இல்லை. மதுரைத் திட்டத்தின் தொடக்ககாலக் கோப்புகள் பலவற்றில் தட்டச்சு செய்தவர் பெயர் உள்ளது. எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தார் என்ற விவரம் இல்லை. பாட வேறுபாடுகளும் அடிக்குறிப்புகளும் சேர்க்கப்படவில்லை. நூலை எப்படியாவது இணையத்தில் ஏற்றிவிட வேண்டும் என்ற அன்றைய அவசரத்தையும், ஒவ்வோர் எழுத்தும் கையால் தட்டப்பட்டதையும் எண்ணினால் இது புரிந்துகொள்ளத்தக்கது. பிற்காலக் கோப்புகளில் மூலநூலின் பெயர், பதிப்பகம், ஆண்டு ஆகியவை தரப்படுகின்றன. திட்டமே தன் குறையை உணர்ந்து திருத்திக்கொண்டதற்கு இது சான்று.

சங்க இலக்கியத்தில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். சில பதிப்புகள் பாடல்களைச் சீர் பிரித்து அச்சிட்டன. 1950களில் வந்த மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் எளிதாகப் படிப்பதற்காகச் சந்தி பிரித்து, நிறுத்தக்குறிகளோடு தந்தன. சந்தி பிரிப்பது எளிய வேலைபோலத் தோன்றினாலும், ஒரு தொடரை எங்கே பிரிப்பது என்பது அதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்வதாகும். இணையப் படியில் எம்முறை பின்பற்றப்பட்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால், பிரித்தவரின் உரை மூலத்தின் பெயரால் உலவுகிறது. பதிப்பாசிரியர் இட்ட சிதைவுப் புள்ளிகளைத் தட்டச்சு செய்பவர் விட்டுவிட்டால், குறைப்பட்ட அடி முழு அடியாகத் தோன்றும்.

உரிமையும் நாட்டுடைமையும்

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் என்றிருந்த உரிமைக்காலம் 1992இல் 60 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் சட்டப்படி அது 70 ஆண்டுகள். சிங்கப்பூரில் 70, மலேசியாவில் 50. ஒரே தமிழ் நூல் ஒரு நாட்டில் பொதுவுடைமையாகவும் மற்றொரு நாட்டில் உரிமையுள்ளதாகவும் இருக்கலாம். இணையத்துக்கு எல்லை இல்லாததால், நூலை ஏற்றும் தன்னார்வலர் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதில் குழப்பம் நேர்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிவழி உண்டு. தனியாரிடம் இருந்த பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. அதன் தொடர்ச்சியாக, எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை வழங்கி நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் ஏற்பட்டது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகள் இவ்வாறு பொதுவாக்கப்பட்டுள்ளன. உரிமைக்காலம் முடியும்வரை காத்திராமல் நூல்கள் இணையத்துக்கு வர இது பெரிதும் உதவியது.

கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். சட்டப்படி அவர் நூல்களின் உரிமை 2014 இறுதிவரை இருந்திருக்கும். முன்னதாகவே நாட்டுடைமையானதால் ‘பொன்னியின் செல்வன்’ தடையின்றிப் பரவியது. மதுரைத் திட்டத்திலும் வந்தது. 2022இல் திரைப்படமாக வந்தபோது புதிய வாசகர் பலர் அதை முதலில் படித்தது கைப்பேசியில்தான். பரவல் என்ற அளவில் இது பெருவெற்றி. அதேநேரம் ‘கல்கி’ இதழில் தொடர்கதையாக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் இந்தத் தட்டச்சுப் படிகளில் இல்லை. தொடராக எந்த இதழில் எந்தப் பகுதி வந்தது என்ற குறிப்பும் இல்லை. கதை மட்டும் எஞ்சியிருக்கிறது.

நாட்டுடைமையில் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கலும் உண்டு. பொதுவாவது ஆசிரியரின் எழுத்து மட்டுமே. அதை ஆராய்ந்து பதிப்பித்தவரின் குறிப்புகளும் முன்னுரையும் பதிப்பித்தவருக்கே உரியவை. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் ஒரு செம்பதிப்பைக் கொண்டுவந்தார். கதைகள் முதலில் வெளிவந்த இதழும் காலமும் பாட வேறுபாடுகளும் அதில் ஆராயப்பட்டுள்ளன. புதுமைப்பித்தனின் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையாயின. ஆனால் அத்தகைய ஆய்வுக் குறிப்புகள் அதனால் பொதுவாகிவிடுவதில்லை. ஆகவும் கூடாது, அது பதிப்பாசிரியரின் உழைப்பு. இதன் விளைவாக, கட்டணமின்றி எளிதில் பரவுவது பெரும்பாலும் ஆராயப்படாத பழைய பதிப்பாகவே இருக்கிறது. நல்ல பதிப்பு கடையில் இருக்க, பிழையுள்ள பதிப்பு எல்லோர் கையிலும் இருக்கும். சட்டத்தைக் குறைகூறிப் பயனில்லை. இலவசப் படி எந்தப் பதிப்பைச் சார்ந்தது என்று சொல்லிவிட்டால், நல்ல பதிப்பைத் தேடிச் செல்ல வாசகருக்கு வழியாவது தெரியும்.

பூட்டும் திறப்பும்

உரிமையாளர் சிலரும் சேமிப்பகங்கள் சிலவும் பரவலைத் தடுப்பதே கட்டுப்பாடு என்று கருதுகின்றனர். பக்கத்தின் குறுக்கே பெரிய முத்திரை பதிப்பது, பதிவிறக்கத்தை முடக்குவது, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் காட்டுவது ஆகியவை இவ்வகை. வாழும் எழுத்தாளரின் வருவாயைக் காக்க இவற்றில் சில தேவையாகலாம். பொதுவுடைமையான பழைய நூலுக்கு இவை பொருந்தாது. அந்த ஒரு தளம் நின்றுவிட்டால் நூலுக்கு வேறு படி இருக்காது.

மறுபுறம், உரிமையைப் பொருட்படுத்தாமல் வாழும் எழுத்தாளர்களின் நூல்களை ஒளிவருடிப் பகிரும் வழக்கமும் தமிழில் பெருகியுள்ளது. சில நூறு படிகள் விற்பதே அரிதாக உள்ள பதிப்புச் சூழலில் இது எழுத்தாளருக்கும் சிறு பதிப்பாளருக்கும் நேரடியான இழப்பு. ‘அறிவைப் பரப்புகிறோம்’ என்ற சொல்லால் இதை நியாயப்படுத்த முடியாது. அறிவைப் பரப்ப விரும்பும் எழுத்தாளருக்கு, விரும்பிய அளவு உரிமையை விட்டுக்கொடுக்கும் படைப்பாக்கப் பொதும உரிமங்கள் உள்ளன. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம் இவ்வகை உரிமத்தில் எழுத்தாளர்களின் இசைவோடு நூல்களை வெளியிட்டு வருகிறது. கேட்டுப் பெறும் வழி இருக்கிறது என்பதற்கு இது சான்று.

இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான மோதல் உலக அளவில் வழக்காகவே வந்தது. புரூஸ்டர் கேல் 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய இணைய ஆவணகம், தன்னிடமுள்ள அச்சுநூலை ஒளிவருடி, ஒரு படிக்கு ஒருவர் என்ற கணக்கில் இரவல் கொடுத்து வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றை முன்னிட்டு அந்த வரம்பைத் தற்காலிகமாக நீக்கியது. அதே ஆண்டு ஜூனில் நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பும் 2024 செப்டம்பரில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பும் ஆவணகத்துக்கு எதிராக அமைந்தன. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அடுத்த மாதமே ஆவணகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் முடங்கியது.

தமிழ் நூல்கள் பல இந்த ஆவணகத்திலும் வைக்கப்பட்டுள்ளன. தன்னார்வலர் பலர் நூலை அங்கே ஏற்றிவிட்டால் பணி முடிந்தது என்று கருதுகின்றனர். ஒரு வழக்கோ ஒரு தாக்குதலோ எவ்வளவு பெரிய சேமிப்பகத்தையும் நிறுத்திவிடக் கூடும் என்பதை 2024ஆம் ஆண்டு காட்டியது.

ஒற்றைப் படியின் ஆபத்து

தமிழருக்கு இது புதிய பாடமாக இருக்க வேண்டியதில்லை. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சில் பல படிகளாகப் பரவியிருந்தவை வேறிடங்களில் பிழைத்தன. ஒற்றைப் படியாக இருந்த சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அன்றோடு முடிந்தன.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சிறுவெளியீடுகளையும் ஒளிவருடிச் சேர்த்து வருகிறது. பள்ளி மலர்கள், நினைவு மலர்கள் போன்று வேறெவரும் பொருட்படுத்தாத வெளியீடுகளும் அதில் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றைத் தரும் விவரப்பக்கம் உண்டு. அச்சுநூலின் பக்கம் படமாகவே கிடைப்பதால் தலைப்புத்தாளும் உடன் வருகிறது. தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக அமைத்தது. அங்கு நுண்படமாக்கும் பணி நூல் விவர அட்டவணையோடு சேர்ந்தே நடந்தது. இவ்விரு சேகரிப்புகளிலும் நூலின் அடையாளம் நூலோடு இணைந்தே உள்ளது. படங்களுக்குள் சொல்லைத் தேட முடியாது என்பது இம்முறையின் குறை. எனினும் தேடமுடியாத உண்மையான பக்கம், தேடக்கூடிய ஊர்பேர் தெரியாத பாடத்தைவிட ஆய்வாளருக்குப் பயனுடையது.

இணையத்திலேயே பிறந்த எழுத்துகளின் நிலை இதைவிட மோசம். 1999இல் தொடங்கிய ‘திண்ணை’, 2000இல் கனடாவிலிருந்து தொடங்கிய ‘பதிவுகள்’ போன்ற இணைய இதழ்களும், 2003க்குப் பின் பெருகிய வலைப்பதிவுகளும் அச்சுப்படி இல்லாதவை. யாகூ நிறுவனம் தன் ஜியோசிட்டீஸ் சேவையை 2009 அக்டோபரில் மூடியபோது, அதில் தனிமனிதர்கள் அமைத்திருந்த பக்கங்கள் உலகெங்கும் மறைந்தன. தளப்பெயருக்கான ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்தாலோ, கட்டிவந்தவர் இறந்துவிட்டாலோ தளம் நின்றுவிடும்.

அச்சுநூலுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான நூல்களின் பட்டியல்கள் இன்றும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கு ஆதாரமாக உள்ளன. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குத் தரப்பட வேண்டும். இணைய எழுத்துக்கு அத்தகைய கடப்பாடு இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் 2013 முதல் மின்வெளியீடுகளும் இணையப் பக்கங்களும் சட்டப்படி நூலகங்களால் சேகரிக்கப்படுகின்றன. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், அந்நாட்டுக் குறியீடு கொண்ட தளங்களைச் சேமிக்கும் அதிகாரம் 2019 முதல் தேசிய நூலக வாரியத்துக்கு உள்ளது.

ஒப்பிட்டுக் காத்தல்

1999இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் லாக்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. படிகள் பலவாக இருந்தால் பொருள் பாதுகாப்பாக இருக்கும் என்பதே அப்பெயரின் உட்பொருள். இதில் பல நூலகங்கள் ஒரே இதழின் படிகளைத் தத்தம் கணினிகளில் வைத்திருக்கும். அக்கணினிகள் குறிப்பிட்ட இடைவெளியில் தம் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும். ஒரு நூலகத்தின் படி மற்றவற்றிலிருந்து வேறுபட்டால், பெரும்பான்மைப் படியைக் கொண்டு அது சரிசெய்யப்படும். படி பலவாக இருப்பதோடு ஒப்பிடுவதும் நடப்பதால்தான் இம்முறை பயன் தருகிறது.

உ. வே. சா. பல சுவடிகளை ஒப்பிட்ட முறைக்கும் இதற்கும் உறவு உண்டு. ஒரு வேறுபாடும் உண்டு. கணினி பெரும்பான்மையை ஏற்கிறது. தேர்ந்த பதிப்பாசிரியரோ ஒரே ஒரு சுவடியில் மட்டும் காணும் பாடம் சரியானது என்று பொருள்நோக்கி முடிவு செய்யக்கூடும். ஆகவே கருவியின் ஒப்பீட்டோடு தமிழறிந்தவரின் ஒப்பீடும் தேவை.

இவ்விரண்டுக்கும் இடம் தரும் அமைப்பாகத் தமிழ் விக்கிமூலத்தைக் கூறலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய 2,000க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் அதில் ஏற்றப்பட்டுள்ளன. அச்சுப் பக்கத்தின் படம் ஒருபுறமும் தட்டச்சுப் பாடம் மறுபுறமும் இருக்கும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், மற்றொருவரும் சரிபார்த்தது பச்சை என நிறத்தால் நிலை காட்டப்படும். யார் எந்த நாளில் எந்த எழுத்தை மாற்றினார் என்பதும் பதிவாகும். வாசகருக்கு ஐயம் வந்தால் படத்தைப் பார்த்துத் தானே தெளியலாம். அச்சுப் பதிப்பாசிரியர் முகவுரையிலும் அடிக்குறிப்பிலும் சொன்னதை இங்கு அமைப்பே சொல்லிவிடுகிறது. குறை, ஆள் போதாமை. கணினி படித்த பாடம் விரைவில் ஏறிவிடுகிறது. மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கங்கள் ஏராளமாகக் காத்திருக்கின்றன. பச்சை நிறம் அடைவதற்கு முன்பே அப்பாடங்களும் வெட்டியெடுக்கப்பட்டு வேறு தளங்களுக்குச் சென்றுவிடுகின்றன.

மதிப்பீடு

தமிழ் மின்னூல் முயற்சிகளின் முதற்கட்டம் அளவில் வென்றது. படியெடுத்துப் பரப்பினால் நூல் அழியாது என்ற பழைய உண்மையை அது மெய்ப்பித்தது. ஆனால் பரப்புவோர் அடையாளத்தை வெட்டினர். உரிமை பேணுவோர் படியைப் பூட்டினர். இரண்டுமே நூலுக்குத் தீங்கு செய்தன. முன்னது பாடத்தின் நம்பகத்தைக் குறைக்கிறது. பின்னது நூலை ஒற்றைப் படியாக்கி ஆபத்தில் விடுகிறது. மின்னூலுக்கு வேண்டிய கட்டுப்பாடு, யார் படிக்கலாம் என்பதைப் பற்றியதாக இருப்பதைவிட, படிப்பவருக்கு என்ன சொல்லப்பட வேண்டும் என்பதைப் பற்றியதாக இருப்பதே பொருத்தம்.

அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஆசிரியரும் நூலும், சார்ந்த அச்சுப் பதிப்பு, பதிப்பகம், ஆண்டு, தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், கடைசியாகத் திருத்திய நாள், உரிமை நிலை ஆகிய ஐந்து வரிகள் ஒவ்வொரு கோப்பிலும் இருந்தால் போதும். பகிர்பவர் அவ்வரிகளை வெட்டாமல் அனுப்ப வேண்டும். பள்ளி, கல்லூரி மாணவர்க்குத் தரும் ஒப்படைப்புகளில், இணையப் பாடத்தை மேற்கோள் காட்டுவோர் அதன் பதிப்பு விவரத்தையும் தருமாறு ஆசிரியர்கள் கேட்கலாம். விவரம் இல்லாத பாடத்தை மேற்கோளாக ஏற்காத வழக்கம் வகுப்பறையில் வந்துவிட்டால், விவரம் தரும் தளங்களையே மாணவர் நாடுவர்.

ஏற்கெனவே அடையாளம் இழந்த கோப்புகளை என்ன செய்வது என்பது இதைவிடக் கடினமான வேலை. தட்டச்சுப் பாடத்தை அச்சுப் பதிப்புகளோடு வரிவரியாக ஒப்பிட்டு, எதிலிருந்து வந்தது என்று கண்டறிந்து, முகப்புக் குறிப்பை மீண்டும் எழுத வேண்டும். முதல் தலைமுறைத் தன்னார்வலர்களுள் பலர் முதுமையடைந்துள்ளனர். எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால், அந்த வேலையில் ஒரு பகுதி எளிதாக முடியும்.